கம்பனிப் பிரக்கிராசி

திருகோணமலைப் பக்கம் குறிஞ்சாக்கேணிக்குப் போய் லோயர் அஸ்மியாவின் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். "ஆரு, கோட்டுக்குப் போகாத கோட்டா?" என்று சிரித்துக்கொண்டே வழி காட்டுவார்கள். கறுப்புக் கோட்டை வாங்கி அலுமாரியில் தொங்கவிட்டுவிட்டு, நீதிமன்றப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவள் என்பது அதன் அர்த்தம். இந்தப் பட்டத்தை ஊருக்குள் விட்டது வேறு யாருமில்லை, பெற்ற வாப்பா ஸைனுலாப்தீன்தான். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். வீட்டு வாயை மூட எதைத் தேடுவது?

அவரையும் குறை சொல்ல முடியாது. நெல் வியாபாரி. காணி வழக்கொன்றுக்காக நீதிமன்றப் படி ஏறி ஏறிச் செருப்புத் தேய்ந்தவர். தன் பக்கம் வாதாட வேண்டிய அப்புக்காத்து வாயைத் திறக்காமல் தவணை, தவணை என்று இழுத்தே காணியைக் கோட்டை விட்டுவிட்டார் என்று இன்றைக்கும் கறுவிக்கொண்டிருக்கிறார். தன் மகள் அதே மன்றில் எழும்பி நின்று பேச வேண்டும், தான் பின்வரிசை வாங்கில் இருந்து கேட்க வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை. அஸ்மியாவும் கொழும்பில் சட்டம் படித்து, சத்தியப்பிரமாணம் எடுத்து, திருகோணமலைக்கு வந்து ஒரு மூத்த லோயருக்குக் கீழ் நின்றாள். வாப்பா ஒருநாள் வெள்ளைச் சேட்டு அணிந்து போய்ப் பின் வாங்கில் இருந்தார். மகள் எழும்பினாள். "தவணை ஒன்று வேண்டும், கனம் நீதிபதி அவர்களே" என்றாள். இருந்துவிட்டாள். அன்று பகல் அவர் சோறு தின்னவில்லை.

அந்த நாட்களில்தான் அஸ்மியாவுக்கும் மனம் திரும்பியது. உப்புவெளியில் இரண்டு சகோதரர்கள் எல்லை வழக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். தகப்பன் எழுதின காணி உறுதிப் பத்திரத்தில் வடக்கெல்லை ஒரு வேம்பு என்று இருந்தது. வேம்பு பட்டுப்போய்விட்டது. எல்லையும் அதோடு போய்விட்டது. அண்ணன் கை காட்டுகிற இடத்தைத் தம்பி ஒத்துக்கொள்ள மாட்டார். தம்பி காட்டுகிற இடத்தில் நின்றால் அண்ணனின் கிணறே தம்பிக்குப் போகும். வழக்கு முடிவதற்குள் இரண்டு பேரும் நரைத்துப் போனார்கள், ஒருவரின் நன்மை தீமைக்கு மற்றவர் போவதும் நின்றுவிட்டது. இவர்களை இப்படிக் கிழித்தது அண்ணனின் கெட்ட குணமும் அல்ல, தம்பியின் ஆசையும் அல்ல என்று அஸ்மியாவுக்குப் பட்டது. உறுதி எழுதின அன்று பக்கத்தில் ஒருத்தர் இருந்து, "மரம் சாகும், கல்லை எழுதுங்கோ" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதுமே. அந்த ஒரு சொல்லைச் சொல்கிற ஆளாக இருக்க வேண்டும் என்று நினைத்தாள். நினைத்துவிட்டு ஒரு மீன் கம்பனியில் போய்ச் சேர்ந்தாள்.

மீன் கம்பனி! ஊருக்கு அது விளங்கவே இல்லை. ஒரு கல்யாண வீட்டில் மாமி ஒருத்தி பிடித்து வைத்து, கோட்டுக்கும் போகாமல் அங்கே என்னதான் செய்கிறாய் என்று கேட்டிருக்கிறாள். வழக்கு வராமல் பார்க்கிறது என்று இவள் சொல்லியிருக்கிறாள். வராத ஒன்றைப் பார்ப்பதற்கும் சம்பளமா என்று மாமி வாயில் விரலை வைத்துக்கொண்டாள். வாப்பாவுக்கு இன்னொரு கதை அகப்பட்டது. பழைய ஆட்கள் லோயர்மாரைப் பிரக்கிராசி என்று சொல்லுவார்கள் அல்லவா, அந்தச் சொல்லைப் பொறுக்கி, "எங்கட பிள்ளை கம்பனிப் பிரக்கிராசி" என்று சொல்லிச் சொல்லி வயிற்றெரிச்சலைத் தீர்த்துக்கொண்டார்.

வெள்ளலை என்று அந்தக் கம்பனிக்குப் பெயர். துறைமுகத்துக்குப் பின்புறம் இருக்கிறது. முதலாளி முனீப் ஹாஜியார் மூதூர்க்காரர். சைக்கிளில் பெட்டி கட்டிக் களப்பு நண்டு வாங்கி விற்றுத் தொடங்கிய மனிதர். இன்றைக்கு அவருடைய நண்டும் இறாலும் கப்பலேறுகின்றன. ஆனால் வியாபாரம் அவ்வளவு வளர்ந்த பிறகும் மனிதர் எல்லாவற்றையும் வாயாலேயே முடித்துக்கொண்டிருந்தார். தன் நாக்குத்தான் தனக்கு உறுதி என்பார். உள்ளூர்ச் சந்தையில் அது செல்லும், கடல் கடந்தால் செல்லுமா? ஒரு தரம் பிறநாட்டு வியாபாரி ஒருவன் போனில் சொன்னதை மாற்றிச் சொல்லிவிட, ஹாஜியாரிடம் எடுத்துக் காட்ட ஒரு துண்டுக் கடதாசியும் இருக்கவில்லை. நண்டு கப்பலேறினால் போதும், மானம் ஏற வேண்டாம் என்றுதான் அஸ்மியாவை வேலைக்கு எடுத்தார்.

எடுத்த புதிதில் அவளை ஒருவருக்கும் பிடிக்கவில்லை. லொறிச் சாரதிமார் பிறேக் மிஸ் என்று பெயர் வைத்தார்கள். எதைக் கொண்டுபோனாலும், நில்லுங்கள், வாசித்துப் பார்க்கிறேன் என்பாளாம். நண்டு உரிக்கிற பெண்டுகளுக்குக் கொடுக்கிற வேலைக் கடிதத்தைத் தமிழில் அடிக்க வைத்தாள். ஐஸ் மெஷினுக்கு உத்தரவாதம் தந்தவனைக் கூப்பிட்டு உத்தரவாதம் எதற்கு, எதுவரைக்கும் என்று கேட்டு அவனை வேர்க்க வைத்தாள். பிறநாட்டு ஒப்பந்தம் ஒன்றில், மின்சாரம் நின்றுபோய்ச் சரக்குப் பிந்தினால் கம்பனி குற்றவாளி அல்ல என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி ஒற்றைக் காலில் நின்றாள். இது என்ன வீண் வேலை, வாங்குகிறவன் கோபிக்கப் போகிறான் என்று ஹாஜியார் முணுமுணுத்தார். பிறகு நாடு முழுக்க இருண்டு கிடந்த அந்த மின்வெட்டுக் காலம் வந்தது. அக்கம்பக்கத்துக் கம்பனிகள் தண்டம் கட்டி முழி பிதுங்கின. வெள்ளலை பிழைத்தது. அதற்குப் பிறகு முக்கியமான கூட்டம் எதுவானாலும் ஹாஜியார் தன் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு வைப்பார். மனம் குளிர்ந்திருந்தால் மகள் என்பார். கோபம் வந்தால் மிஸ் என்பார். கம்பனியின் வானிலை அறிக்கை அதுதான்.

இப்போது சல்லிக்கு வருகிறேன்.

சல்லி, நகரத்துக்கு வடக்கே உப்புவெளியையும் தாண்டி இருக்கிற கரை. அங்கே கரைவலை போடுகிறார்கள். தோணியில் வலையைக் கொண்டுபோய்க் கடலில் வளைத்து விட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று ஊரே சேர்ந்து இழுக்கும். அப்படி வலை வந்து ஏறுகிற கரைத்துண்டுக்குப் பாடு என்று பெயர். பாடு போனால் அந்தச் சனத்தின் பாடு திண்டாட்டம்தான். ஹாஜியார் ஆசைப்பட்டது சரியாக அந்த இடத்துக்கு. அங்கே ஓர் இறங்குதுறையும் ஐஸ் கூடமும் கட்டினால் வடக்குக் கரைப் படகுகள் எல்லாம் நேரே அவரிடம் மீனை இறக்கும், தொழிற்சாலையில் இன்னொரு பகுதி திறக்கலாம், கிண்ணியாப் பெண்டுகளுக்கும் மூதூர்ப் பெண்டுகளுக்கும் வேலை கிடைக்கும். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. அரசாங்கக் கந்தோர்களில் எடுக்க வேண்டிய அனுமதியை எல்லாம் எடுத்தாகிவிட்டது. கூடச் சேருகிற வெளிநாட்டுப் பங்காளிகள் மட்டும் ஒன்றைக் கேட்டார்கள். ஊர்ச் சனம் சம்மதித்ததா? சம்மதித்தது என்று கம்பனியின் லோயர் கையெழுத்து வைத்து வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கடிதம் தர வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் வேறு கரை பார்ப்பார்கள்.

சனத்தின் சம்மதத்தை எடுப்பதற்குக் கொழும்பிலிருந்து ஆலோசகர்கள் வந்து போயிருந்தார்கள். அஸ்மியா அப்போது பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவில் இருந்தாள். ஆலோசகர்கள் சல்லியில் கூட்டம் வைத்து, சுவரில் படம் காட்டி, கூட வந்த மொழிபெயர்ப்பாளரை வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். மீனவர் சங்கத் தலைவர் பாலசிங்கம் முன்வரிசையில் இருந்தார். வலையும் தோணியும் சொந்தமாக வைத்திருக்கிற மனிதர், ஆகவே ஊருக்கு அவர் சம்மாட்டியார். கேட்டதற்கெல்லாம் ஓம் என்றார். வலைகளை வேறு இடத்துக்கு மாற்ற ஏலுமா என்று கடைசியாகக் கேட்டபோது, "ஓம், பாப்பம்" என்றார். ஆலோசகர்களின் அறிக்கை இதைத்தான் சொன்னது. சங்கம் முழுமனதோடு சம்மதித்தது. வலைகளை இடம் மாற்றுவதையும் தாங்களே பார்த்துக்கொள்வதாகப் பொறுப்பெடுத்தது.

அஸ்மியா இதை வாசித்தபோது அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஏனென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? இந்தப் பக்கத்தில் ஓம் என்றால் சம்மதம் என்று எந்த மடையன் சொன்னான்? ஓம் என்றால், நீ சொல்வது காதில் விழுகிறது, மேலே சொல்லு என்று அர்த்தம். போனில் ஒருவர் கதைக்கும்போது நாம் எத்தனை ஓம் போடுகிறோம்! மாமியார் ஏசும்போதும் மருமகள் ஓம்தான் போடுகிறாள். "ஓம், பாப்பம்" என்பது அதற்கும் ஒரு படி மேலே. வந்த ஆளை முகத்துக்கு நேரே இல்லையென்று சொல்லி நோகடிக்கக் கூடாது என்பதற்காக நம்முடைய சனம் கண்டுபிடித்த மரியாதையான மறுப்பு அது. பெண் கேட்டுப் போன இடத்தில் "ஓம், பாப்பம்" என்று பதில் வந்தால், தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அடுத்த வீட்டைப் பார்க்கப் போக வேண்டியதுதான். மொழிபெயர்த்த பொடியன் தமிழைப் புத்தகத்தில் படித்தவன் போலிருக்கிறது. பார்ப்போம் என்றால் பார்த்துக்கொள்வோம் என்று எழுதிவிட்டான்.

ஆனாலும் லோயர் லோயர்தான். தன் ஊகத்தை நம்பி இருக்காமல் மறுநாளே பஸ் ஏறிச் சல்லிக்குப் போனாள். சங்கத்தின் செயலாளர் புஸ்பராணி கரையில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். வாய் கொஞ்சம் பெரிது அவளுக்கு, மனமும் அப்படித்தான். அஸ்மியா தான் யாரென்று சொல்லி, இறங்குதுறைக் கதையை எடுத்தாள்.

"அது அண்டைக்கே முடிஞ்ச கதைதானே தங்கச்சி. சம்மாட்டியார் 'ஓம், பாப்பம்' எண்டு சொல்லிப்போட்டார். பிறகும் என்னத்துக்கு வந்தனீங்கள்?"

பாருங்கள், கம்பனிக்கும் அது முடிந்த கதை, சல்லிக்கும் அது முடிந்த கதை. ஒரே வார்த்தையில் இரண்டு பக்கமும் நிம்மதியாகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தன. முதல் லொறிக் கல் வந்து இறங்குகிற அன்றைக்குத்தான் இரண்டு பேரும் கண் விழித்திருப்பார்கள்.

அஸ்மியா திரும்பி வந்து ஹாஜியாரின் அறைக்குள் போய், கடிதத்தில் கையெழுத்து வைக்க மாட்டேன் என்றாள். ஹாஜியார் முதலில் நயமாகச் சொன்னார். பிறகு நூறு பெண்டுகளின் வேலையைச் சொன்னார். அறிக்கை எழுதினது ஆலோசகர்கள், பிழை வந்தால் அவர்கள் தலையில் வரட்டுமே என்றும் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் சரிவராமல் போகவே முகம் கறுத்தது.

"மிஸ், நீங்க என்ட லோயரா, சல்லியாக்கள்ட லோயரா?"

"உங்கட லோயர்தான் சேர். அதாலதான் வைக்க ஏலாது எண்டுறன். இறங்குதுறை பாதி கட்டக்குள்ள அந்தச் சனம் முழுக்க வந்து கரையில குந்தினா, அண்டைக்கு உங்களைக் காப்பாத்த என்னால ஏலாது."

கையெழுத்து வைக்கக்கூடிய ஒரு லோயரைக் கொழும்பில் தேடிப் பிடிப்பது பெரிய வேலை இல்லை என்று ஹாஜியார் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அஸ்மியா வீட்டை நினைத்தாள். வீட்டில் கணவன் றிகாஸ் பள்ளிக்கூட வாத்தியார். இரண்டு சம்பளத்தில் ஓடுகிற குடும்பம் அது, ஒன்று போனால் ஒற்றைக் காலில் நொண்டும். சரி, விதித்தது நடக்கட்டும் என்று எழும்பிக் கதவுவரைக்கும் போனவளுக்கு அங்கே ஒரு யோசனை வந்தது. எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது. திரும்பி நின்று, நண்டு உரிக்கிற பெண்டுகளின் கைப்பிள்ளைகளுக்கு ஓர் அறை ஒதுக்கித் தரக் கேட்டார்களே, அது என்னவாயிற்று சேர் என்றாள். ஹாஜியாருக்கோ பேச்சு மாறினால் போதும் என்றிருந்தது.

"ஓம் மகள், பாப்பம்."

அஸ்மியா வந்து மறுபடி கதிரையில் இருந்தாள். ஒரு தாளை எடுத்து எழுதினாள். எழுதியதை அவருக்கு வாசித்தும் காட்டினாள். ஹாஜியார் முழுமனதோடு சம்மதித்தார், அறை ஒதுக்குவதைத் தானே பார்த்துக்கொள்வதாகவும் பொறுப்பெடுத்தார் என்று அதில் இருந்தது. இதில் ஒரு கையெழுத்து வையுங்கள் சேர் என்று நீட்டினாள்.

"நான் எப்ப சம்மதிச்ச? பாப்பம் எண்டுதானே சொன்ன?"

"சல்லியிலயும் அதைத்தான் சேர் சொன்னவங்க."

ஹாஜியார் அவளைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். சைக்கிளில் நண்டு விற்ற காலம் முதல் கடன் கேட்டவனுக்கும், விலை குறைக்கச் சொன்னவனுக்கும், சங்கத்துக்குத் தலைவராக வரச் சொன்னவனுக்கும் அவர் சொல்லித் தப்பித்த சொல் அது. மனிதருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்கச் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்து முடிந்ததும் கோபம் வந்தது, அது ஆலோசகர்கள் மேலே. போனை எடுத்துப் பங்காளிகளிடம் அடுத்த வெள்ளிவரைக்கும் தவணை கேட்டு வாங்கினார். தவணை கேட்கிற தொழில் அஸ்மியாவைத்தான் விடவில்லை என்று பார்த்தால் ஹாஜியாரையும் தொற்றிக்கொண்டது. கைப்பிள்ளை அறை என்ன ஆயிற்று என்கிறீர்களா? அது இன்னும் பாப்பம்தான். உண்மையைச் சொல்லத்தானே வேண்டும்.

இரண்டாவது கூட்டம் படம் காட்டாமல் நடந்தது. கரையில் மீனவர்களின் வாடி என்கிற கொட்டிலுக்குள், வலைகளுக்கு நடுவே, எல்லோரும் நிலத்தில் இருந்தார்கள். ஹாஜியாரையும் நிலத்தில்தான் இருத்தினாள். கூட்டத்தைத் தொடங்கும்போது அஸ்மியா, இன்றைக்கு ஒருத்தரும் ஓம் சொல்ல வேண்டாம், ஏலாது என்பதை முதலில் சொல்லுங்கள் என்றாள். புஸ்பராணிதான் முதலில் எழும்பினாள். கரைப் பாட்டின் நடுவில் தூண் நட்டால் வலை எங்கே ஏறும், உங்கள் தலையிலா என்று கேட்டாள். மடை திறந்தது. இரவிரவாக வெளிச்சம் எரிந்தால் மீன் கரைக்கு அணையாது என்றார் ஒருவர். அம்மன் கோயில் பொங்கலுக்குச் சனம் நடந்து வருகிற பாதையில் லொறியை விடுவீர்களோ என்றார் இன்னொருவர். மீன் கழுவின தண்ணியை எங்கே ஊற்றப்போகிறீர்கள் என்று பின்னாலிருந்து ஒரு கிழவி கத்தினாள். சத்தம் கூரையைத் தூக்கியது. எல்லாம் முடிந்தது, குடியே கெட்டது என்று ஹாஜியார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அஸ்மியாவுக்கோ உள்ளுக்குள் சந்தோஷம் தாங்கவில்லை. ஓம் என்று சொல்லிவிட்டு எழும்பிப் போகிறவனோடு ஒரு காரியமும் ஆகாது. நின்று சண்டை பிடித்துப் பேரம் பேசுகிறவன்தான் வாங்க வந்தவன். வாழ்நாள் முழுக்கச் சந்தையில் நின்ற ஹாஜியாருக்கு இது தெரியாததா? தெரியும். தன் காரியம் என்று வந்தால் எவருக்கும் கண் மறைத்துவிடுகிறது.

சூரியன் சாயும்போது கதை ஒரு வழிக்கு வந்தது. கரையின் வடக்கு முனையில் கற்பாறை கிடக்கிறது. வலை கிழியும் என்று அங்கே ஒருவரும் பாடு வைப்பதில்லை. இறங்குதுறை அங்கே வரட்டும். கம்பனிக்குப் பாதை நீளும், செலவும் கூடும். கூடட்டும், பாதையைக் கம்பனியே போடட்டும். பொங்கல் நாட்களில் லொறி ஓடக் கூடாது. கடல் குழம்புகிற காலத்தில் ஊர்ப் படகுகளையும் அங்கே கட்ட விட வேண்டும். ஹாஜியார் ஒவ்வொன்றுக்கும் முனகினார். முனகி முனகியே எல்லாவற்றுக்கும் சம்மதித்தார். அஸ்மியா நாலு நாள் இருந்து அதையெல்லாம் சல்லிச் சனத்துக்கு விளங்குகிற தமிழில் எழுதி, வியாழக்கிழமை பின்னேரம் அதே வாடிக்குள் ஒவ்வொரு வரியாக வாசித்தாள். வெள்ளி விடிந்தால் பங்காளிகளுக்குக் கடிதம் போக வேண்டும்.

பாலசிங்கம் பேனையைக் கையில் எடுத்தார். எடுத்தவர் அஸ்மியாவின் முகத்தைப் பார்த்தார்.

"பிள்ளை, நீங்க படிச்ச ஆள். எங்களோட கீழ இருந்து கதைச்ச ஆள். இதில நான் கையெழுத்து வைக்கலாமோ? நீங்க சொன்னா வைக்கிறன்."

அவள் ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். கடிதம் நேரத்துக்குப் போகும், வேலை தப்பும், ஹாஜியாரின் கனவும் பலிக்கும். எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. நல்ல கடதாசி என்று அவளுக்கே தெரியும். ஆனால் பாலசிங்கம் கேட்டது கடதாசியைப் பற்றி அல்ல. தன்னுடைய ஆள் யார் என்று கேட்டார். அவருடைய ஆள் அவள் இல்லை.

"ஐயா, நான் கம்பனியின்ட லோயர். கம்பனிக்கு நல்லதைத்தான் நான் பாப்பன். உங்களுக்கு இது நல்லதோ எண்டு நான் சொல்லக் கூடாது. உங்களுக்கெண்டு ஒரு லோயரிட்டக் காட்டிப்போட்டுப் பிறகு வையுங்க."

பாலசிங்கம் பேனையைக் கீழே வைத்தார். புஸ்பராணி கடதாசியை மடித்துச் சீலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டாள்.

நகரத்தில் வந்து இறங்கும்போது ஹாஜியார், "மிஸ், உங்களுக்கு நான் என்னத்துக்குச் சம்பளம் தாற?" என்று கேட்டார். பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விட்டார்.

அஸ்மியா வீட்டுக்குப் போய்க் குசினி அடுப்படியில் நின்று அழுதாள். சரியைத்தான் செய்தோம் என்று தெரிந்தும் அழுகை நிற்கவில்லை, பயம் அப்படி. றிகாஸ் ஒன்றும் கேட்காமல் பிள்ளைக்குச் சோறு தீத்தினான். வாப்பாவுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. வந்து நின்று விசாரித்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு, எதிர்ப்பக்கத்துக்குப் புத்தி சொல்லுகிற பிரக்கிராசியை நான் என் வாழ்க்கையில் காணவில்லை என்று நக்கலடித்தார். அடித்துவிட்டு வழக்கம்போலப் போகாமல் அங்கேயே நின்றார். சுவரைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"அந்தக் காணிக் கடதாசியில நான் ஒப்பம் வைக்கக்குள்ள, அந்தப் பக்கத்து லோயர் எனக்குப் பக்கத்திலதான் இருந்த. இந்த ஒரு சொல்ல அவன் சொல்லியிருந்தா, மகள், எனக்கு இந்த வழக்கே இல்ல."

வெள்ளிக்கிழமை அவள் வேலைக்குப் போனாள். போக வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லையே. பங்காளிகளுக்குத் தானே ஒரு கடிதம் எழுதினாள். ஊர்ச் சனம் முதலில் கேட்ட இடத்தை மறுத்துவிட்டது, வேறோர் இடத்துக்கு நிபந்தனைகளோடு இணங்கியிருக்கிறது, கையெழுத்து வைக்குமுன் தங்கள் சொந்த லோயரிடம் காட்டிக்கொண்டிருக்கிறது, ஆகவே இன்றைக்குச் சம்மதம் என்று நான் எழுதித் தர முடியாது. உள்ளதை உள்ளபடி. அதை ஹாஜியாரின் மேசையில் வைத்தாள். அவர் வாசித்தார். நீண்ட நேரம் வாசித்தார். பிறகு அனுப்பச் சொல்லித் தலையாட்டினார். பதில் சனி வரவில்லை, ஞாயிறும் வரவில்லை. ஹாஜியாரும் கதைக்கவில்லை. அவள் மேசை லாச்சியைத் துப்புரவாக்கி, தன் சாமான்களை ஒரு பையில் எடுத்து வைத்தாள்.

பதில் திங்கள் காலையில் வந்தது. இரண்டே வரி. இப்படி ஒரு கடிதத்தை இதுவரை எந்தக் கம்பனி லோயரும் தங்களுக்கு எழுதியதில்லை. சனம் கையெழுத்து வைக்கும்வரை காத்திருக்கிறோம். ஹாஜியார் அதைத் திருப்பித் திருப்பி வாசித்துவிட்டு, அந்தப் பையைக் கண்டு, இது என்ன கூத்து, அதை இருந்த இடத்தில் வையுங்கள் என்று அதட்டினார்.

அந்தக் கிழமையே பாலசிங்கமும் புஸ்பராணியும் கம்பனிக்கு வந்தார்கள். நகரத்தில் ஏழைகளின் வழக்கைக் காசு வாங்காமல் பார்க்கிற ஒரு வயதான லோயரிடம் கடதாசியைக் காட்டியிருந்தார்கள். அவர் இரண்டு இடத்தில் சொல்லை மாற்றியிருந்தார். தண்ணி ஊற்றுகிற இடத்தை இன்னும் இறுக்கி எழுதியிருந்தார். ஹாஜியார், நான் பார்க்கத் தேவையில்லை, எங்கட லோயர் சரி என்றால் எனக்கும் சரி என்று தாளை அஸ்மியாவின் பக்கம் தள்ளினார். அவள் வாசித்துச் சரி என்றாள். பாலசிங்கம் நிதானமாகக் கையெழுத்து வைத்தார். ஹாஜியாரும் வைத்தார். தேத்தண்ணி வந்தது.

போகிறபோது புஸ்பராணி கதவடியில் நின்று அஸ்மியாவின் கையைப் பிடித்தாள்.

"தங்கச்சி, ஒண்டு சொல்ல வேணும். எங்கட லோயர் இதை ரெண்டு தரம் வாசிச்சவர். வாசிச்சுப்போட்டு, இவ்வளவு வடிவா உங்களுக்கு எழுதித் தந்த உங்கட லோயர் ஆரெண்டு கேட்டவர். அது எங்கட ஆளில்லை, கம்பனியின்ட லோயர் எண்டு சொன்னனாங்கள். மனிசன் நம்பேல்லை."